‘போவி’: எஸ்பெராண்டோவில் ‘முடியும்’ என்பதைச் சொல்வதற்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எஸ்பெராண்டோ என்ற செயற்கையாக ஆக்கப்பட்ட பன்னாட்டு மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர்கள் முதல் வாரத்திலேயே ‘போவி’ என்ற வினைச்சொல்லைச் சந்திக்கிறார்கள். அதற்கு எதிரே ‘முடியும்’ என்று எழுதிவைத்துக்கொள்கிறார்கள். அதன்பின் சில மாதங்களுக்கு அவர்கள் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு அந்த ஒற்றைச் சமன்பாட்டிலிருந்தே பிறக்கிறது. பயிற்சி வாக்கியங்களைத் திருத்திக்கொடுத்த அனுபவத்தில், இந்தப் பிழைகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் படிகளை அமைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியும் முந்தைய படியின்மேல் நிற்பதால், இடையில் எதையும் தாண்டாமல் படிப்பது நல்லது.

1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

எஸ்பெராண்டோ வினைச்சொல்லுக்கு ஆறு ஈறுகளே உள்ளன: நிகழ்காலத்துக்கு ‘அஸ்’, இறந்தகாலத்துக்கு ‘இஸ்’, எதிர்காலத்துக்கு ‘ஒஸ்’, நிபந்தனைக்கு ‘உஸ்’, ஏவல் அல்லது விருப்பத்துக்கு ‘உ’, அகராதி வடிவத்துக்கு ‘இ’. ஆகவே ‘போவ்’ என்ற வேரிலிருந்து போவஸ், போவிஸ், போவொஸ், போவுஸ், போவு, போவி ஆகிய ஆறும் கிடைக்கின்றன. எஸ்பெராண்டோவின் அடிப்படை நூலான, 1905ஆம் ஆண்டின் ‘ஃபுந்தமேந்தொ’வில் உள்ள பதினாறு விதிகளில் ஆறாவது, வினைச்சொல் ஆளாலும் எண்ணாலும் மாறாது என்கிறது. நான், நீ, அவர்கள் யாராக இருந்தாலும் ‘போவஸ்’ ‘போவஸ்’ தான்.

இங்கே எஸ்பெராண்டோச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதும்போது, அழுத்தம் விழும் அசையை நெடிலாக எழுதியிருக்கிறேன். அழுத்தம் எப்போதும் கடைசிக்கு முந்தைய அசையில் விழும் என்பதால், ‘போ’ நீண்டும் ‘வஸ்’ குறுகியும் ஒலிக்க வேண்டும். இதை முதலிலேயே சரிசெய்வதற்குக் காரணம் உண்டு. ‘மி போவொஸ்’ என்பதை நீட்டி ‘போவோஸ்’ என்று சொன்னால் தமிழ்க் காதுக்கு அது ‘போவோம்’ என்றே கேட்கிறது. ‘போ’ என்ற வேர் நமக்கு அவ்வளவு பழக்கமானது. செல்வதற்கான எஸ்பெராண்டோ வினை ‘ஈரி’. ‘போவி’க்கும் பயணத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தன்மை, முன்னிலை, படர்க்கைப் பெயர்களும் தெரிந்திருக்க வேண்டும்: மி (நான்), வி (நீ, நீங்கள்), லி (அவன், அவர்), ஷி (அவள்), ஜி (அது), நி (நாங்கள், நாம்), இலி என்று எழுதப்பட்டு முதலசை அழுத்தம் பெறும் ‘ஈலி’ (அவர்கள்). இவற்றோடு ‘ஓனி’ என்ற ஒன்றும் இருக்கிறது. அதன் அருமை மூன்றாம் படியில் தெரியும்.

2. எழுதுமுன் தமிழ் வாக்கியத்தைப் பிரித்துப் பாருங்கள்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே மிகுதியாகத் தடுமாறுகிறார்கள். தமிழில் ‘முடி’ என்ற வேர் ஒரே நேரத்தில் பல வேலைகளைச் செய்கிறது. அவற்றில் ஒன்றுதான் ‘போவி’யின் வேலை.

‘என்னால் இந்தக் கடிதத்தைப் படிக்க முடியும்’ என்பது ஆற்றல் அல்லது வாய்ப்பு. இதுவே ‘போவி’யின் சொந்த இடம்.

‘பாடம் முடிந்தது’ என்பது ஒன்று நிறைவடைந்ததைச் சொல்கிறது. எஸ்பெராண்டோவில் ‘ல லெத்ஸிஓனொ ஃபினீஜிஸ்’ என்று வேறு வினை வர வேண்டும்.

‘அம்மாவுக்கு முடியவில்லை’ என்றால் உடல்நலம் சரியில்லை என்று பொருள். ஒரு மாணவி இதை ‘பான்யொ நெ போவஸ்’ என்று எழுதியிருந்தார். படிக்கும் வெளிநாட்டுக்காரருக்கு, அம்மாவால் எதைச் செய்ய முடியவில்லை என்ற கேள்விதான் மிஞ்சும். ‘பான்யொ மல்ஸானஸ்’ என்பதே சரி.

‘போய் அவரிடம் மன்னிப்புக் கேள்’ என்று சொன்னதற்கு ‘முடியாது!’ என்று பதில் வந்தால், அது இயலாமை அன்று, மறுப்பு. அங்கே ‘மி நெ வோலஸ்’ (விரும்பவில்லை) என்றோ ‘மி நெ ஃபாரொஸ் தீஒன்’ (அதைச் செய்யமாட்டேன்) என்றோ சொல்ல வேண்டும். ‘மி நெ போவஸ்’ என்றால், பாவம், ஏதோ தடை இருக்கிறது போலும் என்று எதிரில் இருப்பவர் பரிவு காட்டத் தொடங்கிவிடுவார்.

ஆகவே தமிழ் வாக்கியத்தில் ‘முடி’ வந்தால் உடனே ‘போவ்’ என்று எழுதாமல், நிறைவா, நலக்குறைவா, மறுப்பா, இயலுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நான்காவது என்றால் மட்டும் அடுத்த படிக்கு வாருங்கள்.

3. எழுவாயை எழுவாயாகவே வையுங்கள்

தமிழில் இயலுவதைச் சொல்லும்போது, இயலும் ஆள் எழுவாயாக நிற்பதில்லை. ‘என்னால்’, ‘அவளால்’ என்று மூன்றாம் வேற்றுமையில் ஒதுங்கி நிற்கிறார். இந்தப் பழக்கத்தால் புதியவர்கள் ‘பெர் மி போவஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘பெர்’ என்பது கருவியைக் குறிக்கும் முன்னிடைச்சொல். பேருந்தால், பேனாவால் என்பதற்கு அது பொருந்தும், ஆளுக்குப் பொருந்தாது. ‘எனக்குத் தெரியும்’ என்பதன் நினைவில் ‘அல் மி போவஸ்’ என்று எழுதுபவர்களும் உண்டு.

எஸ்பெராண்டோவில் இயலும் ஆளே எழுவாய்: மி போவஸ், ஷி போவஸ், ஈலி போவஸ். ‘என்னால்’ என்று மனம் சொல்லும் ஒவ்வொரு முறையும் ‘நான்’ என்று மாற்றிச் சொல்லிப் பழகுவதே இதற்கு மருந்து.

இதன் மறுபக்கமும் உண்டு. தமிழில் ஆளே இல்லாமல் ‘அங்கே பேருந்தில் போக முடியும்’ என்று சொல்லலாம். அதை அப்படியே ‘போவஸ் ஈரி தீஎன் பெர் பூஸொ’ என்று எழுதினால், யார் என்ற இடம் வெறுமையாக நிற்கிறது. ‘போவி’க்கு எழுவாய் வேண்டும். குறிப்பிட்ட ஆள் இல்லாதபோது ‘ஓனி’ அந்த இடத்தில் வந்து அமர்கிறது: ‘ஓனி போவஸ் ஈரி தீஎன் பெர் பூஸொ’. ‘யாராயிருந்தாலும்’, ‘பொதுவாக ஒருவர்’ என்பதே அதன் பொருள். எழுவாயே வேண்டாம் என்று நினைத்தால் ‘ஏப்லஸ் ஈரி தீஎன் பெர் பூஸொ’ என்று சொல்லலாம். ‘ஏப்லி’ என்ற வினை எழுவாய் இல்லாமலும் நிற்கும்.

4. பின்னால் வரும் வினையை ‘இ’ ஈற்றில் நிறுத்துங்கள்

‘போவி’யைத் தொடர்ந்து வரும் வினை அகராதி வடிவத்தில், இணைக்கும் முன்னிடைச்சொல் எதுவும் இடையில் நுழையாமல் வர வேண்டும்: ‘மி போவஸ் லேகி ல லெத்தேரொன்’ (என்னால் கடிதத்தைப் படிக்க முடியும்).

இங்கே தமிழர்கள் ‘மி போவஸ் போர் லேகி’ என்று ‘போர்’ சேர்க்கிறார்கள். காரணம் எளிது. ‘படிக்க வந்தேன்’, ‘படிக்க முடியும்’ என்ற இரண்டிலும் தமிழில் ‘படிக்க’ என்ற ஒரே எச்சம் வருகிறது. முதலாவதில் அது நோக்கம். அதற்கு எஸ்பெராண்டோவில் ‘போர் லேகி’ என்று வரும். இரண்டாவதில் நோக்கம் ஏதுமில்லை, ‘லேகி’ மட்டும் போதும். ‘படிப்பதற்காக’ என்று விரித்துப் பார்த்து, வாக்கியம் நின்றால் ‘போர்’ வரும். ‘படிப்பதற்காக முடியும்’ என்பது நிற்காது என்பதால் அங்கே வராது.

இரண்டு வினைகளுக்கும் காலம் காட்டுவது அடுத்த பிழை: ‘மி போவிஸ் லேகிஸ்’. காலத்தை ‘போவி’ ஒன்றே சுமக்கிறது.

செயப்படுபொருளின் ‘ன்’ ஈற்றையும் மறக்கக் கூடாது. தமிழில் ‘கடிதம் படிக்க முடியும்’ என்று உருபு இல்லாமல் சொல்வது இயல்பாக இருப்பதால், ‘ல லெத்தேரொ’ என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ‘ன்’ ‘லேகி’க்கு உரியது, நடுவில் ‘போவஸ்’ வந்ததால் அது மறைந்துவிடாது.

பின்வரும் வினை தெளிவாகத் தெரிந்தால் விட்டுவிடலாம். ‘மி ஃபாரொஸ் ச்சீஒன், கீஒன் மி போவஸ்’ (என்னால் இயன்ற அனைத்தையும் செய்வேன்) என்பதில் இரண்டாவது ‘ஃபாரி’ சொல்லப்படாமலே விளங்குகிறது.

5. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

போவஸ், போவொஸ் இரண்டிலும் சிக்கல் பெரிதாக இல்லை. தமிழில் ‘முடியும்’ என்பது நிகழ்காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் பொதுவாக நிற்பதால், ‘நாளை என்னால் வர முடியும்’ என்பதற்கு எதை எழுதுவது என்று கேட்பார்கள். வருவதற்கான வாய்ப்பு இப்போதே உறுதியாக இருந்தால் ‘மி போவஸ் வேனி மோர்கவ்’. நாளைதான் அந்த வாய்ப்பு உண்டாகும் என்றால் ‘மி போவொஸ்’. இரண்டும் இலக்கணப்படி சரியே.

‘போவிஸ்’ அப்படி எளிதன்று. ஒருவர் தம் வெளிநாட்டுக் கடித நண்பருக்கு, ‘நேற்று ஒருவழியாக என்னால் கதவைத் திறக்க முடிந்தது’ என்ற எண்ணத்தில் ‘ஹிஏரவ் மி போவிஸ் மல்ஃபேர்மி ல போர்தொன்’ என்று எழுதியிருந்தார். வந்த பதில்: ‘காய் ச்சு வி மல்ஃபேர்மிஸ் ஜின்?’ அதாவது, ‘திறந்தீர்களா?’ நண்பர் கேலி செய்யவில்லை. தமிழில் ‘திறக்க முடிந்தது’ என்றாலே திறந்தாயிற்று என்று பொருள். ‘போவிஸ் மல்ஃபேர்மி’ என்பது அந்த நேரத்தில் திறக்கும் ஆற்றலோ வாய்ப்போ இருந்தது என்று மட்டுமே சொல்கிறது. திறந்தாரா என்பதைச் சூழலிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். முயன்று வென்றதைச் சொல்ல ‘ஸுக்த்ஸேஸி’ என்ற வினை இருக்கிறது: ‘மி ஸுக்த்ஸேஸிஸ் மல்ஃபேர்மி ல போர்தொன்’. வெறுமனே ‘மல்ஃபேர்மிஸ்’ (திறந்தேன்) என்று எழுதினாலும் பழுதில்லை.

எதிர்மறையில் இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது என்பது கவனிக்கத் தக்கது. வாய்ப்பே இல்லாதபோது செயல் நடந்திருக்க வழியில்லை என்பதால், ‘திறக்க முடியவில்லை’ என்பதும் ‘நெ போவிஸ் மல்ஃபேர்மி’ என்பதும் நன்றாகவே பொருந்துகின்றன. ‘முடிந்தது’ என்ற உடன்பாட்டில் மட்டும் நின்று யோசியுங்கள்.

‘போவுஸ்’ கற்பனையான நிலைக்கு உரியது: ‘ஸெ மி ஹாவுஸ் தேம்பொன், மி போவுஸ் வேனி’ (எனக்கு நேரம் இருந்தால் வர முடியும், ஆனால் இல்லை). ‘உஸ்’ ஈற்றுக்குச் சொந்தக் காலம் கிடையாது. ‘ஹிஏரவ்’ சேர்த்தால் ‘நேற்று நேரம் இருந்திருந்தால் வந்திருக்க முடியும்’ என்றாகிவிடும். ஒரே நினைவூட்டல்: நிபந்தனைக் கூறிலும் விளைவுக் கூறிலும் ‘உஸ்’ வர வேண்டும், தமிழில் ‘இருந்தால்’ என்பதில் கால அடையாளம் வேறாகத் தெரிவதால் பலர் முதல் கூறில் ‘ஹாவஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். பணிவாகக் கேட்கவும் இதே வடிவம் உதவும்: ‘ச்சு வி போவுஸ் ஹேல்பி மின்?’ (எனக்கு உதவ முடியுமா?).

‘போவு’ தனியாக அரிதாகவே வரும். ‘போர் கெ’ (‘…ஆகும்படி’) என்பதன் பின் அது தேவைப்படுகிறது: ‘போர் கெ லி போவு தோர்மி’ (அவர் தூங்க முடியும்படி). நோக்கம் என்பது இன்னும் நடக்காத, விரும்பப்படும் ஒன்று என்பதால் அங்கே ‘உ’ ஈறு வருகிறது.

6. ‘நெ’யின் இடத்தைச் சரிபாருங்கள்

எதிர்மறைச் சொல் ‘நெ’, தான் மறுக்கும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். ‘போவி’யோடு இரண்டு வினைகள் வருவதால் மறுப்பதற்கு இரண்டு இடங்கள் கிடைக்கின்றன, பொருளும் இரண்டாகிறது.

‘மி நெ போவஸ் வேனி’ என்றால் என்னால் வர முடியாது. ‘மி போவஸ் நெ வேனி’ என்றால் என்னால் வராமல் இருக்க முடியும். வருவதும் வராததும் என் கையில் இருக்கிறது. தமிழில் ‘வர முடியாது’, ‘வராமல் இருக்க முடியும்’ என்று வடிவமே மாறுவதால் நாம் குழம்புவதில்லை. எஸ்பெராண்டோவில் ஓரசைச் சொல் ஒன்று இடம் மாறுவது மட்டுமே வேறுபாடு என்பதால், வேகமாகப் பேசும்போது நாக்கு தவறுகிறது. இரண்டு இடத்திலும் ‘நெ’ வந்தால் ‘மி நெ போவஸ் நெ ரீதி’, அதாவது என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இது பிழையான இரட்டை மறுப்பு அன்று. ஒவ்வொரு ‘நெ’யும் தன் வினையை மறுக்கிறது.

பிழையான இரட்டை மறுப்பு வேறு இடத்தில் காத்திருக்கிறது. ‘யாராலும் முடியாது’ என்பதில் ‘யாராலும்’ என்ற சொல்லில் மறுப்பு இல்லை. மறுப்பு முழுவதும் ‘முடியாது’ என்பதில் இருக்கிறது. எஸ்பெராண்டோவின் ‘நெனீஉ’ தன்னுள்ளேயே மறுப்பைக் கொண்டது. ஆகவே ‘நெனீஉ போவஸ்’ என்று நிறுத்த வேண்டும். தமிழ்ப் பழக்கத்தில் ‘நெனீஉ நெ போவஸ்’ என்று எழுதினால், முடியாதவர் எவருமில்லை, எல்லோராலும் முடியும் என்று தலைகீழாகிவிடும். ‘ஃபுந்தமேந்தொ’வின் பன்னிரண்டாவது விதி இதற்காகவே, மறுப்புச் சொல் ஒன்று ஏற்கெனவே இருந்தால் ‘நெ’ விடப்படும் என்கிறது.

7. ‘லாம்’ ஈற்றைப் பிரித்தறியுங்கள்

‘போகலாம்’, ‘வரலாம்’ என்பவற்றையும் ‘போவி’யிலேயே அடைத்துவிடும் வழக்கம் உண்டு. தமிழின் ‘லாம்’ குறைந்தது மூன்று பொருள் தருகிறது.

அனுமதி: ‘உள்ளே வரலாமா?’ ‘ச்சு மி போவஸ் எனீரி?’ என்று பலரும் கேட்கிறார்கள், அது புரியும். ஆனால் உடலால் நுழைய இயலுமா என்பதற்கும் நுழைய இசைவு உண்டா என்பதற்கும் வேறுபாடு முக்கியமாக இருக்கும் இடத்தில் ‘ராய்த்தி’ தெளிவானது: ‘ச்சு மி ராய்த்தஸ் எனீரி?’ அறிவிப்புப் பலகை, விதிமுறை, ஒப்பந்தம் போன்றவற்றை எழுதும்போது நான் ‘ராய்த்தி’யை மட்டுமே பயன்படுத்தச் சொல்வேன்.

ஊகம்: ‘மழை வரலாம்.’ இங்கே ‘ஏப்லெ ப்லூவொஸ்’ என்பது மிக இயல்பு. ‘லி போவஸ் வேனி மோர்கவ்’ என்று எழுதினால், அவரால் வர இயலும் என்பதா, ஒருவேளை வருவார் என்பதா என்று தெரியாது. ‘ஏப்லெ லி வேனொஸ்’ அல்லது ‘போவஸ் ஏஸ்தி, கெ லி வேனொஸ்’ என்றால் ஐயமில்லை.

அழைப்பு: ‘சரி, போகலாம்!’ இதில் இயலுவதும் இல்லை, ஊகமும் இல்லை. ‘நி ஈரு!’ என்று ஏவல் ஈறு போதும்.

8. ‘தெரியும்’ வரும் இடங்கள்

‘எனக்குச் சமைக்கத் தெரியும்’ என்பது கற்றுக்கொண்ட திறன். ‘மி ஸ்த்ஸிபோவஸ் குஈரி’ என்பது அதற்குப் பொருத்தமான வடிவம். ‘அறி’ என்ற பொருளுள்ள ‘ஸ்த்ஸி’ வேரும் ‘போவ்’ வேரும் சேர்ந்த சொல் அது. ‘மி போவஸ் குஈரி’ என்றால் அடுப்பும் நேரமும் இருக்கின்றன, இன்று நான் சமைக்கத் தடையில்லை என்றும் கொள்ளலாம். மொழிகளைப் பற்றிச் சொல்லும்போது ‘மி போவஸ் எஸ்பெராந்தொன்’ என்று எழுத வேண்டாம். ‘மி பரோலஸ் எஸ்பெராந்தொன்’ போதும்.

9. ‘படிக்கப்பட முடியும்’ என்று இழுக்காதீர்கள்

‘போவி’யைச் செயப்பாட்டு வினையாக மாற்ற வேண்டாம்; மாற்றம் பின்வரும் வினையில்தான் நிகழும்: ‘ல லெத்தேரொ போவஸ் ஏஸ்தி லெகாத்த’. இலக்கணப்படி சரி, ஆனால் கனமானது. ‘ஏப்ல்’ என்ற விகுதி இதைச் சுருக்கித் தருகிறது: ‘ல லெத்தேரொ ஏஸ்தஸ் லெகேப்ல’ (கடிதம் படிக்கக்கூடியதாக இருக்கிறது), ‘நெலெகேப்ல’ (படிக்க முடியாதது), ‘மன்ஜேப்ல’ (உண்ணத்தக்கது). செயப்படுபொருள் ஏற்கும் வினைகளோடு இது நன்கு பொருந்தும். அகராதியில் ஒவ்வொன்றையும் தேட வேண்டியதில்லை. வேர் தெரிந்தால் நீங்களே ஆக்கிக்கொள்ளலாம்.

10. ஒரு வாக்கியத்தை முழுவதும் செய்து பார்ப்போம்

‘நேற்று அம்மாவுக்கு முடியவில்லை, அதனால் என்னால் வகுப்புக்கு வர முடியவில்லை, நாளை வரலாம்.’ பயிற்சிக்கு நான் முதலில் கொடுக்கும் வாக்கியம் இதுதான்.

முதல் ‘முடியவில்லை’ நலக்குறைவு. இரண்டாம் படியின்படி ‘மல்ஸானிஸ்’. இரண்டாவது உண்மையான இயலாமை; ‘என்னால்’ என்பது ‘மி’ ஆகிறது, எதிர்மறை என்பதால் ‘போவிஸ்’ தயக்கமின்றிப் பொருந்துகிறது, ‘நெ’ அதற்கு முன்னால் நிற்கிறது, ‘வேனி’ ‘போர்’ இல்லாமல் தொடர்கிறது. கடைசி ‘வரலாம்’ பேசுபவர் தம்மைப் பற்றிச் செய்யும் ஊகம், அதற்கு ‘ஏப்லெ’. 

‘ஹிஏரவ் பான்யொ மல்ஸானிஸ், தீஅல் மி நெ போவிஸ் வேனி அல் ல கூர்ஸொ, ஏப்லெ மி வேனொஸ் மோர்கவ்.’

தமிழில் ‘முடி’ இரண்டு முறையும் ‘லாம்’ ஒரு முறையும் வந்த இடத்தில் ‘போவி’ ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறது. உங்கள் விடையில் அது மூன்று முறை வந்திருந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். இரண்டு முறை என்றால் ஏழாம் படியை மறுபடி படித்துவிட்டு, அதே வாக்கியத்தை ‘அப்பா’, ‘அலுவலகம்’, ‘அடுத்த வாரம்’ என்று மாற்றி இன்னொரு முறை எழுதிப் பாருங்கள்.